பதிமூன்றாவது புஷ்

தெங்கேரா சாலையில் இருந்த அந்தப் பட்டறையில் கீழே லேத்துகளும் துளைபோடும் இயந்திரங்களும் இரைந்துகொண்டிருக்கும். மாடியில் வரைபட அறை. அங்கே இரண்டு சாய்வு மேசைகள், சுவர் நீளத்துக்குத் தட்டையான இழுப்பறைகள், தலைமை வரைவாளர், நான். மலாய் நாட்டுக்குச் சுதந்திரம் வரப்போகிறது என்று ஊரெல்லாம் பேச்சாக இருந்த காலம். சீனியர் கேம்பிரிட்ஜ் தேறிய கையோடு காஜா பேராங்கில் இருந்த எங்கள் வீட்டிலிருந்து சைக்கிளில் போய்வரத் தொடங்கியிருந்தேன். எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடத்தை முழுதாக முடித்த முதல் ஆள் நான். இதை அடக்கமாகச் சொல்ல எனக்கு இன்னும் வரவில்லை.

உறைந்த ரப்பர் பாலை இரண்டு உருளைகளுக்கு நடுவே கொடுத்து ஷீட்டாக இழுக்கும் கை இயந்திரங்களைத்தான் நாங்கள் செய்தோம். தோட்டங்களுக்குப் பெரியது, சிறு நிலக்காரர்களுக்குச் சிறியது. படங்களை எடுத்துக் கொடுப்பதும், திரும்ப வாங்குவதும், டிரேசிங் துணியில் மையால் திருத்தம் போடுவதும் என் வேலை.

சேர்ந்த சில வாரங்களிலேயே ஒரு குறை கண்ணில் பட்டது. இயந்திரத்தின் படத்தை எடுத்தால் அதில் என்னென்ன பாகங்கள் என்று ஓரத்துப் பட்டியலில் பார்த்துக்கொள்ளலாம். தலைகீழாகக் கேட்டால் பதில் கிடையாது. ஒரு சின்ன பாகத்தைக் காட்டி, இது எந்தெந்தப் படத்தில் வருகிறது என்று கேட்டால், தலைமை வரைவாளர் எல்லா இழுப்பறையையும் திறந்து அரை நாள் தேடுவார். பழைய காலண்டர் அட்டைகளை ஒரே அளவில் வெட்டினேன். பாகத்துக்கு ஓர் அட்டை. மேலே பாகத்தின் எண், கீழே அது வருகிற படங்களின் எண்கள். யாரும் சொல்லிச் செய்யவில்லை. அட்டைகளை பிஸ்கட் டின்னில் அடுக்கி என் மேசையில் வைத்துக்கொண்டேன்.

லேத்தில் வேலை செய்த அண்ணன் ஒருவர் படம் வாங்க மாடிக்கு வருவார். டின்னைப் பார்த்த நாளிலிருந்து எனக்குப் பெயர் வைத்துவிட்டார்.

"என்னா கிளி சோசியம், ஒரு சீட்டு எடு தங்கச்சி. இந்த வருசமாவது எனக்குக் கல்யாணம் நடக்குமான்னு பாரு."

"உங்க சீட்டுல ஒண்ணும் எழுதல அண்ணே. காலியா இருக்கு."

"ஆயோ, வாயப் பாரு!"

தலைமை வரைவாளர் மலாய் பேசும் பாபா சீனர். எங்கள் தெருவுக்கு அடுத்த கம்போங் குடியிருப்பில் இருந்த, மலாயே பேசும் சிட்டித் தமிழ்ப் பெண்களோடு விளையாடி வளர்ந்ததால் எனக்கு மலாய் நன்றாகவே வரும். அவர் அதிகம் பேசமாட்டார். அட்டைகளைப் பற்றியும் எதுவும் சொன்னதில்லை. ஆனால் இழுப்பறைகளைத் திறப்பதை நிறுத்தியிருந்தார். அதை நான் கவனித்திருந்தேன்.

ஒரு வியாழக்கிழமை அவர் என் மேசைக்கு வந்தார். பெரிய இயந்திரத்தின் தண்டு வளைகிறது என்று ஒரு தோட்டத்திலிருந்து புகார். தண்டைத் தடிமனாக்க வேண்டும். தண்டு சுற்றுவது ஒரு வெண்கல புஷ்ஷுக்குள். கட்டைவிரல் நீளக் குழாய்த் துண்டு, அவ்வளவுதான். தண்டு தடித்தால் புஷ்ஷின் துளையும் பெரிதாக வேண்டும். அந்த புஷ் வேறு எங்கே போகிறது என்று கேட்டார்.

டின்னிலிருந்து அட்டையை எடுத்தேன். ஒரே ஓர் எண் இருந்தது, பல்சக்கரப் பெட்டியின் படம். அதையும் எடுத்துப் பார்த்தேன். தலைப்பில் 'பெரிய இயந்திரம்' என்று எழுதியிருந்தது.

"சாத்து தெம்பாட் சாஜா?" ஒரே இடம்தானா என்று மறுபடி கேட்டார்.

"சாத்து சாஜா, சார்."

புஷ்ஷின் படத்தை விரித்து, பிளேடால் பழைய அளவை மெல்லச் சுரண்டினேன். துணி பிசிறாமல் நகத்தால் தேய்த்துவிட்டு, புது அளவை மையால் எழுதினேன். படத்தின் மூலையில் 'சரிபார்த்தவர்' என்று ஒரு கட்டம் உண்டு. எப்போதும் அவர்தான் அதில் கையெழுத்திடுவார். அன்று பேனாவை என் பக்கம் தள்ளினார். "நீதானே பார்த்தாய்."

இரண்டே எழுத்துகள். அப்பாவின் பெயருக்கு ஒன்று, எனக்கு ஒன்று. மை காயும்வரை மூச்சுவிடாமல் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அம்மா ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தில் வேலை செய்தார். காலையில் உள்ளே போகும்போதும் மாலையில் வெளியே வரும்போதும் புத்தகத்தில் கைநாட்டு வைப்பார். அன்று வீட்டுக்குப் போனதும் சொன்னேன். அம்மா கையில் இருந்த கரண்டியைக் கீழே வைத்தார்.

"படத்துலயா? ஓம் பேரா?"

"ரெண்டு எழுத்துதாம்மா."

"அழிஞ்சிடாதுல்ல?"

"துணி கிழியுற வரைக்கும் இருக்கும்."

மறுநாள் வெள்ளிக்கிழமை நல்ல வெயில். கண்ணாடிச் சட்டத்தில் துணியையும் ரசாயனத் தாளையும் சேர்த்து வைத்து, வெயிலில் காட்டி நீல நகல் எடுத்தேன். தண்ணீரில் அலசிக் காயவைத்து, பழைய நகலை வாங்கிக்கொண்டு புதியதை லேத் அண்ணனிடம் கொடுத்தேன். வார்ப்படக் கடையிலிருந்து நாற்பத்தெட்டு வெண்கல வார்ப்புகள் அப்போதுதான் வந்திருந்தன. எல்லாவற்றையும் ஒரே அளவில் குடைவதுதான் வழக்கம்.

சனிக்கிழமை அரை நாள் வேலை. பத்தரை மணி இருக்கும். சிறிய இயந்திரத்துக்கு உதிரிபாகம் கேட்டு ஒரு கடிதம் மாடிக்கு வந்தது. அந்த இயந்திரத்தின் முழுப் படத்தை விரித்து ஓரத்துப் பட்டியலைப் படித்துக்கொண்டே வந்தேன். கைப்பிடி. உருளை. பல்சக்கரப் பெட்டி. அந்தப் பெட்டிக்கு எதிரே இருந்த எண்ணைப் பார்த்ததும் விரல் நின்றுவிட்டது. வியாழக்கிழமை நான் எடுத்துப் பார்த்த அதே படத்தின் எண்.

ஷீட்டில் வரி பதிக்கும் இன்னொரு சிறிய இயந்திரத்தின் படத்தையும் இழுத்தேன். அதிலும் அதே பெட்டி. முதலில் பெரிய இயந்திரத்துக்காக வரைந்தார்கள், தலைப்பையும் அப்படியே எழுதினார்கள். பிறகு சிறியவற்றுக்கும் அதையே எடுத்துக்கொண்டிருக்கிறார்கள். தலைமை வரைவாளர் சேர்வதற்கு முன்பு நடந்தது. புஷ் ஒரே பெட்டியில்தான் இருந்தது, என் அட்டை சொன்னது உண்மை. அந்தப் பெட்டி எங்கெல்லாம் போகிறது என்று நான் கேட்கவில்லை. ஒரு படி ஏறிவிட்டு நின்றுவிட்டேன்.

கையில் இருந்த ஆர்டரில் பெரிய இயந்திரங்கள் ஆறு, ஒன்றுக்கு இரண்டு புஷ், ஆகப் பன்னிரண்டு. மீதி முப்பத்தாறும் சிறியவற்றுக்கு. துளை பெரிதானால் அவற்றின் தண்டு உள்ளே ஆடும். ஷீட் ஒரு பக்கம் தடித்து, ஒரு பக்கம் கிழிந்து வரும். குடைந்த துளையைச் சிறிதாக்க வழியில்லை. புது வார்ப்பு வர மூன்று வாரம் ஆகும். சுதந்திர விடுமுறைக்கு முன்னால் எல்லா இயந்திரங்களையும் அனுப்புவதாக வாக்குக் கொடுத்திருந்தார்கள். இத்தனைக்கும் மேல் அந்த மூலையில் என் இரண்டு எழுத்துகள் இருந்தன. இனி யார் என்னிடம் பேனாவைத் தள்ளுவார்கள்?

தலைமை வரைவாளர் பக்கத்து மேசையில்தான் இருந்தார். அவரிடம் சொல்லி முடிப்பதற்குள் இன்னொரு புஷ் போய்விடும். படிகளில் ஓடி இறங்கினேன். அந்தக் காலத்தில் பட்டறைக்குள் பெண் ஓடினால் எல்லாத் தலையும் திரும்பும். திரும்பின.

லேத் சத்தத்தில் நான் கூப்பிட்டது அண்ணனுக்குக் கேட்கவில்லை. எதிரே ஆணியில் மாட்டியிருந்த நீல நகலைப் பிடுங்கினேன்.

"ஏ! என்னா தங்கச்சி இது?" அவர் பெல்ட்டைத் தள்ளி லேத்தை நிறுத்தினார்.

"எத்தன குடைஞ்சீங்க அண்ணே?"

"ஏன், சீட்டுல போடலியா?"

"அண்ணே, வெளையாடாதீங்க. எத்தன?"

என் முகத்தைப் பார்த்ததும் சிரிப்பை நிறுத்திவிட்டார். பலகையில் வரிசையாக நின்றவற்றை விரலால் தொட்டுத் தொட்டு எண்ணினார். அந்த எண்ணிக்கையைப் போல நீளமான ஒன்றை நான் கேட்டதேயில்லை.

"பதினொண்ணு. இதோ, மிஷின்ல இருக்கறது பன்னெண்டு. காலையிலேர்ந்து டூல் தீட்டிக்கிட்டே இருந்தேன், மண்டோர் கூட வந்து வேல நடக்கலன்னு கத்திட்டுப் போனாரு."

நான் பக்கத்துப் பெட்டியின் மேல் உட்கார்ந்துவிட்டேன். சிரிப்பு வந்தது, கண்ணும் கலங்கியது. "பன்னெண்டு சரி அண்ணே. அத முடிச்சிடுங்க. பதிமூணு மட்டும் வேணாம்."

நடந்ததைச் சொன்னேன். அவர் கழிவுத் துணியில் கையைத் துடைத்தபடி முழுதும் கேட்டார்.

"அப்போ நான் சோம்பேறியா இருந்தது நல்லதாப் போச்சு. இத மண்டோர்கிட்ட நீயே வந்து சொல்லணும், ஆமா."

"சொல்றேன்."

"சீட்டுலயும் எழுதி வச்சுக்க."

மாடிக்கு ஏறினேன். மூன்று படங்களையும் தலைமை வரைவாளர் முன் விரித்து, எதையும் மறைக்காமல் சொன்னேன். அவர் கண்ணாடியைக் கழற்றி வைத்தார். பட்டியலில் அந்த எண்ணை ஒவ்வொரு படத்திலும் தேடிப் பார்த்தார்.

"தலைப்பை நானும்தான் படித்தேன்," என்றார் மலாயில். "இப்போது என்ன செய்யலாம்?"

என்னைத்தான் கேட்கிறார் என்று புரியக் கொஞ்சம் நேரமானது. பழைய புஷ்ஷுக்குப் பழைய அளவே இருக்கட்டும், பெரிய துளைக்குப் புது எண்ணில் தனிப் படம் போடலாம், பெரிய இயந்திரத்துக்கு அந்தப் பெட்டியையும் தனியாக வரையலாம் என்றேன். தலையசைத்தார். பழைய படத்தை எடுத்து என் முன்னால் வைத்தார்.

அளவைச் சுரண்டினேன். இரண்டாவது முறை என்பதால் அந்த இடத்தில் துணி மெலிந்து ஒளி ஊடுருவியது. பழைய அளவை எழுதிவிட்டு, பிளேடை மூலைக்குக் கொண்டுபோனேன், என் எழுத்துகளை எடுத்துவிட.

"அதை விடு," என்றார். "பக்கத்தில் இன்னொரு முறை போடு. இன்றும் நீதானே பார்த்தாய்."

வெளியே மேகம் மூடியிருந்தது, நகல் எடுக்க முடியாது. மூடும் மணி அடிப்பதற்குள் புஷ்ஷின் அட்டையில் பெட்டிக்குக் கீழே மூன்று இயந்திரங்களின் எண்களையும் எழுதினேன். பிறகு டின்னில் இருந்த மற்ற அட்டைகளை எடுத்து, பாகத்திலிருந்து பெட்டி, பெட்டியிலிருந்து இயந்திரம் என்று ஒவ்வொன்றாக மேலே ஏறத் தொடங்கினேன். எல்லாவற்றையும் முடிக்க ஒரு மாதம் பிடித்தது. வேறு ஆறு பாகங்களுக்கு நான் ஒரு படியோடு நின்றிருந்தேன். அவற்றை அதற்குள் யாரும் கேட்டிருக்கவில்லை, பிழைத்தேன்.

வீட்டில் அம்மா ஈரத்துணிகளைக் கொடியில் போட்டுக்கொண்டிருந்தார். முழுக் கதையையும் சொன்னேன். புஷ், பெட்டி எல்லாம் அவருக்கு எவ்வளவு விளங்கியதோ தெரியாது. இடையில் ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்.

"ஓம் பேரு இருக்கா, எடுத்துட்டாங்களா?"

"இருக்கும்மா. இப்ப ரெண்டு தடவ இருக்கு."

"அப்ப சாப்புட வா," என்றார்.

அன்று மூன்று முறை சோறு வாங்கிச் சாப்பிட்டேன்.