வெந்நீர் மக்கில் ஐந்தாம் அத்தியாயம்

போன ஞாயிற்றுக்கிழமை காலை, என் ஆராய்ச்சியின் ஐந்தாம் அத்தியாயம் கத்திமுனையில் நின்றது. நிஜக் கத்தி. எங்கள் வீட்டு வெங்காயக் கத்தி.

முதலில் விஷயம். எளிதில் கலக்காத இரண்டு திரவங்களைக் கண்ணாடிக் குழாயில் அடைத்தால் நடுவில் ஒரு கோடு தெரியும். அந்தக் கோட்டுக்கு ஒரு இழுவிசை உண்டு. தண்ணீர்ச் சொட்டை உருண்டையாகப் பிடித்து வைக்கிறதே, அதே சாதி. சில ஜோடிகளை மெல்லச் சூடாக்கினால், ஒரு குறிப்பிட்ட வெப்பநிலையில் கோடு மறைந்து இரண்டும் ஒன்றாகிவிடும். அந்த இடத்தை நெருங்க நெருங்க இழுவிசை எவ்வளவு வேகமாகக் குறைகிறது? பழைய சூத்திரம் ஒரு வேகம் சொல்கிறது. அளந்து பார்த்தவர்கள் வேறு வேகம் சொல்கிறார்கள். நடுவில் நான், இரண்டு வருடமாக… பென்சிலோடு.

என் கணக்கின்படி கோடு பட்டென்று மறையாது. இழுவிசை தளரத் தளர, கோடு அகலமாகி, மங்கி, கரையும்.

"கண்ணால் பார்த்திருக்கிறாயா?" என்றார் என் பேராசிரியர்.

இல்லை. குழாயை மெல்லச் சூடாக்கும் தொட்டி பழுது. கோலாலம்பூர் வெயிலில், எங்கள் பேச்சில் கேஎல் வெயிலில், கோடே வராது. ஐஸில் வைத்தால் வரும். வெளியே எடுத்தால் கண் சிமிட்டுவதற்குள் போய்விடும்.

"செவ்வாய்க்கிழமை தேர்வாளர்களுக்குக் காட்டு. முடியாவிட்டால் அந்த அத்தியாயத்தை எடுத்துவிடு."

குளிர்தானே வேண்டும்? என் வீடே கேமரன் மலைத் தேயிலைத் தோட்டத்தில்! வாயை உருக்கி மூடிய, இருந்த ஒரே குழாயை ஸ்வெட்டரில் சுற்றிக்கொண்டு பஸ் ஏறினேன். வீட்டில் பிரித்துப் பார்த்தால்… கோடு தானாக வந்து நின்றது. மேலே வெளிர் மஞ்சள், கீழே கொஞ்சம் அடர் மஞ்சள்.

வழக்கம்போல் பட்டியல் எழுதிப் பக்கத்தில் வைத்தேன். ஒன்று: குலுக்கக் கூடாது. இரண்டு: வெயில் படக் கூடாது. மூன்று: படுக்க வைக்கக் கூடாது. நான்கு: கீழே போடக் கூடாது.

ஞாயிறு காலை குளித்துவிட்டு வந்தேன். பட்டியல் இருந்தது. குழாய் இல்லை.

எங்கள் மலையில் தேங்காய் எண்ணெய் கட்டியாகிவிடும். அதனால் காலையில் எந்த வீட்டுக்குப் போனாலும் எண்ணெய் பாட்டில் வெந்நீர் மக்கில் நின்றுகொண்டிருக்கும். எங்கள் மக்கில் அன்று பாட்டிலுக்குத் துணையாக என் குழாய். எதிரே அண்ணி, கையில் கத்தி. அண்ணன் மனைவி, தோட்டத்தில் கொழுந்து எடுக்கிறவர், என் வயதுதான்.

"என்னா நாத்தனாரே, கேஎல் எண்ணெயும் நம்ம குளிருக்குத் தாங்கல லா. மேல ஒண்ணு கீழ ஒண்ணா பிரிஞ்சு கெடந்துச்சு. இளக்கி வெச்சிருக்கேன்."

"அண்ணி… கத்தி எதுக்கு?"

"மூடியே வைக்காம வித்திருக்கான். தோட்டத்து ஆஸ்பத்திரி டிரஸ்ஸர் ஊசி மருந்து கழுத்த உடைப்பாரில்ல? அந்த மாரி ஒரே தட்டு. தலைக்கு வைக்கணும்ல?"

"தட்டாதீங்க! அது எண்ணெய் இல்ல, விஷம்!"

கத்தியைக் கீழே வைத்தார். அண்ணி என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"விஷத்துக்கா ஸ்வெட்டரு போட்டுக் கூட்டியாந்தே?"

குழாய் முழுசாக இருந்தது. கோடு? போயே போய்விட்டது, நான் சோப்புப் போட்டுக்கொண்டிருந்த நேரத்தில்.

"படம் முடிஞ்சப்புறம் வர்றியே" என்றார் அண்ணி. "நான் முழுசா பார்த்தேன். மொதல்ல கோடு ஓரத்துல வளைஞ்சிருந்துச்சு. அப்புறம் தட்டையாச்சு. அப்புறம் கலங்கலா, அரிசி களைஞ்ச தண்ணி மாரி… அப்புறம் காணோம்."

நான் அப்படியே பலகையில் உட்கார்ந்துவிட்டேன். ஓரத்து வளைவு தட்டையாவதென்றால் இழுவிசை போய்க்கொண்டிருக்கிறது என்று பொருள். டைப் அடித்த பதினேழு பக்கம் அது!

"அண்ணி, இன்னொரு தடவ செய்வோமா?"

"என் தல காயுது லா. எண்ணெய் வெச்சுட்டு வர்றேன், இரு."

ஜன்னலோரம் வைத்தோம். ஆறியதும் கோடு திரும்பி வந்தது. பிறகு வெதுவெதுப்பான தண்ணீர், கரண்டி கரண்டியாக. எண்ணெயை அண்ணி என்றைக்கும் அவசரப்படுத்தி இளக்கியதில்லை. நான்தான் லேப்பில் ஐஸிலிருந்து நேராக அனலுக்குத் தூக்கிப்போட்டுக்கொண்டிருந்தேன். இந்த முறை இரண்டு தலைகளும் மக்கின் மேல் குனிந்திருந்தன. வளைவு… தட்டை… மங்கல்… பால்…

"போச்சு!" என்று கத்தியது நான். "சொன்னேன்ல?" என்றது அண்ணி.

செவ்வாய்க்கிழமை ஐஸ், மக், கரண்டி மூன்றோடும் போனேன். இரண்டு தேர்வாளர்கள் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி மாட்டிக்கொண்டு பார்த்தார்கள். அத்தியாயம் பிழைத்தது.

பட்டியல் போடுகிற என்னைப் போன்றவர்களுக்கு ஒரு வியாதி உண்டு. நமக்குத் தோன்றிய ஆபத்துகள்தான் உலகத்து ஆபத்துகள் என்று நினைப்போம். நடப்பது எப்போதும் பட்டியலுக்கு வெளியேதான் நிற்கிறது… சில சமயம் வெந்நீரோடு.

நேற்று குழாயைப் பேராசிரியரிடம் திருப்பிக் கொடுத்தேன், பட்டியலோடு சேர்த்து. அடியில் புதிதாக ஒரு வரி.

ஐந்து: தலைக்குத் தேய்க்கக் கூடாது.