ஓட்டியவன் பெயரில்

என் தம்பி ஜெயித்தவற்றை முதலில் எழுதிவிடுகிறேன். பிறகு யாரும் நடுவில் புகுந்து "அதெல்லாம் நடக்கிற காரியமா" என்று கேட்க வேண்டாம்.

மூன்று நாடுகளில் அலுவலகம் வைத்திருக்கும் ஒரு கம்ப்யூட்டர் விளையாட்டுக் கம்பெனியை நுகர்வோர் மன்றத்தில் தோற்கடித்தான். அவர்கள் பூட்டிய விளையாட்டை அவர்களையே திறக்க வைத்தான். அதே பெட்டியை வாங்கி அதே போல ஏமாந்த நானூற்றுச் சொச்சம் பேருக்கும் பூட்டில்லாத டிஸ்க் போய்ச் சேர்ந்தது. இனிமேல் பெட்டியின் மேல் "உங்களுக்கே சொந்தம்" என்று அச்சிடக் கூடாது என்று உத்தரவும் வாங்கினான். மன்னிப்புக் கடிதம் ஒன்று வந்தது. அதில் அவன் பெயரில் ஒரு எழுத்து தவறு. திருப்பி அனுப்பி, சரியாக எழுதிய கடிதத்தை வாங்கி வைத்தான். இத்தனையும் வக்கீல் வைக்காமல், வலது கையில் கட்டை விரல் மட்டும் மிச்சமுள்ள ஒருவன் செய்தது. போகிற போக்கில் என்னையும் ஜெயித்தான். நான் எழுத உட்கார்ந்தது அதற்காகத்தான்.

அவனுக்குப் பதினைந்து வயதாக இருந்தபோது பள்ளி விடுமுறையில் அட்டைப்பெட்டி செய்யும் பட்டறைக்கு வேலைக்குப் போனான். ஐந்தாம் நாள் அட்டை வெட்டும் இயந்திரம் அவன் விரல்கள் நான்கை எடுத்துக்கொண்டது. முதலாளி ஆஸ்பத்திரிக்கு ஆப்பிள் வாங்கி வந்தார். நான்கு ஆப்பிள். எண்ணிப் பார்த்துத்தான் வாங்கியிருப்பார். கட்டிலருகே நின்று, "பையன் கொஞ்சம் கவனமா இருந்திருக்கலாம்" என்றும் சொல்லிவிட்டுப் போனார்.

இப்போது அவன் பஸ் டிப்போவில் அறிவிப்பாளன். எந்த பஸ் எந்த மேடை, எத்தனை மணிக்குப் புறப்படும் என்பதை மைக்கில் சொல்வது அவன் வேலை. டிப்போவில் அவன் பெயரே மைக்குதான். நூற்றுப் பன்னிரண்டு ரூட்டுகளின் நேரமும் மனப்பாடம். எந்த டிரைவர் வளைவில் பிரேக்கை மிதிப்பார், யார் மிதிக்காமல் திருப்புவார் என்பதைச் சத்தத்தை வைத்தே சொல்வான். ஆனால் ஒரு நாளும் பஸ் ஓட்டியதில்லை. லைசென்ஸ் கேட்டுப் போனபோது அதிகாரி அவன் கையைப் பார்த்தார், ஃபைலை மூடினார். "தம்பி, நீங்க டிக்கெட் எடுத்து உட்கார்ந்து போற ஆளு" என்றார். அதைச் சொல்லிவிட்டுப் பக்கத்து மேசைக்காரரைப் பார்த்துச் சிரித்தார். சிரிப்பதற்கும் அவருக்குச் சம்பளம் உண்டு போலிருக்கிறது.

அதனால்தான் அவனுடைய இருபத்தைந்தாவது பிறந்த நாளுக்கு நான் அந்த விளையாட்டை வாங்கிக் கொடுத்தேன். பஸ் கம்பெனி நடத்தும் விளையாட்டு. சாலை போட்டு, நிறுத்தம் வைத்து, நேரம் குறித்து, பஸ்ஸையும் நாமே ஓட்ட வேண்டும். நான் ஆயத்த ஆடைத் தொழிற்சாலையில் செக்கர். அங்குலத்துக்குப் பதினோரு தையல் இருக்கிறதா என்று பார்ப்பவள். அங்கே கழித்துப் போட்ட தையல் மெஷினின் மிதியடி ஒன்றைக் கேட்டு வாங்கி வந்தேன். அதை அவன் ஆக்சிலரேட்டராக்கிக் கொண்டான். இடது கையால் ஸ்டீயரிங், காலில் மிதியடி. ஒன்பது வருடம் ஓட்டினான். நாற்பத்தொரு ரூட்டுகள் போட்டான். ஒரு பஸ்கூட மூன்று நிமிடத்துக்கு மேல் தாமதமில்லை. நிஜ டிப்போவில் ஒரு ரூட் தினமும் தாமதமாகிறது என்று எல்லோரும் தலையைச் சொறிந்தபோது, அதே ரூட்டை விளையாட்டில் தான் கட்டிய ஊரில் ஓட்டிப் பார்த்து, இரண்டு நிறுத்தத்தை இடம் மாற்றினால் போதும் என்று சொன்னான். மாற்றினார்கள், சரியானது. டைம்கீப்பருக்குப் பாராட்டுப் பத்திரம் கிடைத்தது. அந்த ஆளுக்கு இன்றுவரை எந்த இரண்டு நிறுத்தம் என்று தெரியாது.

பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, விளையாட்டைத் திறந்தால் திரையில் ஒரு வட்டம் சுற்றியது. "உரிமம் சரிபார்க்கப்படுகிறது" என்றது. மத்தியானம் வரை சுற்றிவிட்டு, "இதைப் பயன்படுத்த உங்களுக்குத் தகுதி இல்லை" என்றது.

நடந்தது இதுதான். அந்த விளையாட்டு ஒவ்வொரு முறை திறக்கும்போதும் இணையம் வழியாகக் கம்பெனியிடம் "திறக்கலாமா?" என்று கேட்கும். தலையாட்டுவதற்குக் கம்பெனியில் ஒரு இயந்திரம் உண்டு. கம்பெனி புதிய விளையாட்டு ஒன்றை விற்பனைக்குக் கொண்டுவந்தது. பழையதற்குத் தலையாட்டிய இயந்திரத்தை நிறுத்திவிட்டது. எங்கள் வீடு, எங்கள் மேசை, எங்கள் டிஸ்க், எங்கள் கரண்ட். ஆனால் தலையாட்ட ஆள் இல்லை என்பதால் நாற்பத்தொரு ரூட்டுகளும் உள்ளே அடைபட்டுவிட்டன. புதியதை வாங்கினாலும் அவை அதற்குள் வராது. மளிகைக் கடைக்காரர் இப்படிச் செய்தால் ஷட்டரை உடைத்திருப்பார்கள். இவர்கள் கோட்டுப் போட்டவர்கள் என்பதால் இதற்குக் கொள்கை என்று பெயர்.

தம்பி வாடிக்கையாளர் சேவைக்குப் போன் செய்தான். நான் ஸ்பீக்கரில் கேட்டுக்கொண்டிருந்தேன்.

"வணக்கம் சார், உங்க சந்தோஷம்தான் எங்க சந்தோஷம். சொல்லுங்க சார்."

"வாங்கின கேம் திறக்க மாட்டேங்குது."

"சார், நீங்க கேமை வாங்கல. கேமைப் பயன்படுத்துற அனுமதியைத்தான் வாங்கியிருக்கீங்க."

"பெட்டி மேல 'உங்களுக்கே சொந்தம்'னு போட்டிருக்கே?"

"பெட்டி உங்களுக்கே சொந்தம்தான் சார்."

தம்பி மேசையிலிருந்த போனைத் தூக்கி ஒரு தடவை பார்த்துவிட்டு மறுபடி வைத்தான். "அப்ப ஒன்பது வருஷமா நான் பெட்டியத்தான் ஓட்டிட்டிருந்தேனா?"

"உங்க பொறுமைக்கு நன்றி சார். எங்க சேவைக்கு அஞ்சுக்கு எத்தனை மார்க் போடுவீங்க?"

என் வீட்டுக்காரர் பிரிட்ஜ் ரிப்பேர் செய்பவர். சாப்பாட்டு நேரத்தில் அவர் தன் பங்குக்கு ஆரம்பித்தார்.

"மச்சான், உனக்கு வயசு முப்பத்தி நாலு. போனது பொம்மை பஸ். இதுக்குப் போய் கோர்ட்டா?"

"மாமா, நீங்க சரி பண்ணிக் குடுத்த பிரிட்ஜை அந்த வீட்டம்மா திறக்கிறப்பல்லாம், 'திறக்கட்டுமா'ன்னு உங்களுக்குப் போன் போட்டுக் கேக்கணும்னு வச்சா எப்படி இருக்கும்?"

"அடேய், நல்ல யோசனையா இருக்கே!"

"அப்புறம் ஒரு நாள் நீங்க போனை எடுக்கலன்னா?"

அவர் சோற்றில் குழம்பை ஊற்றிக்கொண்டார். "குழம்பு கெட்டுப்போயிடும்" என்றார். அதற்குப் பிறகு பொம்மை பஸ் என்று அவர் சொன்னதில்லை.

மனுவைத் தம்பி சொல்லச் சொல்ல நான் எழுதினேன். கோடு போட்ட தாளில், ஓரம் விட்டு, நான்கு தடவை திருத்தி. எட்டாம் வகுப்புதான் படித்தேன் என்றாலும் அடித்தல் திருத்தல் எனக்குப் பிடிக்காது. கீழே அவன் இடது கட்டை விரலை வைத்தான்.

முதல் வாய்தாவில் கம்பெனி வக்கீல் வந்தார். இளைஞர். அவர் சென்ட் வாசம் அவருக்கு முன்னால் வந்து, அவர் போன பிறகும் உட்கார்ந்திருந்தது. மன்றத் தலைவியிடம் அவர் பேசியது மொத்தமே இரண்டு நிமிடம்.

"மேடம், மனுதாரர் எங்க கஸ்டமரே இல்ல. கணக்கு இவரோட அக்கா பேர்ல இருக்கு. பேரு, பிறந்த தேதி, போன் நம்பர், எல்லாம் அவங்களோடது. தன் கணக்கை இன்னொருத்தர் பயன்படுத்த விட்டதே நிபந்தனைப்படி தப்பு. அவங்க தப்பு பண்ணதுக்கு எங்களைக் கூட்டிட்டு வந்து நிறுத்தியிருக்காங்க."

அவர் சொன்னது உண்மை. விளையாட்டை முதன்முதலில் திறந்தபோது விவரம் கேட்டது, நான்தான் நிரப்பினேன். "விரும்பினால் நிரப்பவும்" என்று போட்டிருந்த கட்டங்களைக்கூட விடாமல் என் விவரத்தால் நிரப்பினேன். அது அவனுக்கு வாங்கியது என்பது அப்போது என் புத்திக்கு எட்டவே இல்லை. கை போனதிலிருந்து எங்கள் வீட்டில் எல்லாத் தாளும் என் பெயரில்தான். ஒரு தடவை பாங்கில் கணக்குத் திறக்கப் போனோம். அங்கிருந்தவர், "இடது கையால போட்டா கையெழுத்து ஒவ்வொரு தடவையும் மாறும், ரேகை வச்சிடுங்க, இல்லன்னா அக்கா பேர்லயே திறந்திடுங்க" என்றார். அவன் வாயைத் திறக்கும் முன் நான் படிவத்தை என் பக்கம் இழுத்துக்கொண்டேன். அன்று இழுத்த கை, பிறகு எல்லாப் படிவத்தையும் இழுத்தது. கேட்டால் அக்கறை என்பேன்.

தலைவி, "இந்த மனு இப்படி நிக்காதும்மா" என்றார். "வாங்கினவங்க நீங்க, நீங்க போடலாம். இல்லன்னா, உங்க சம்மதத்தோட பயன்படுத்தினவர்னு சொல்லி அவரே புதுசா போடலாம். ஆனா அவருக்காகத்தான் வாங்கினீங்கன்னு அத்தாட்சி வேணும். அது இல்லன்னா அதுவும் தள்ளுபடிதான்."

வராந்தாவில் ஒரு மர பெஞ்சு இருந்தது. நாங்கள் உட்காருவதற்குள் வக்கீல் வந்துவிட்டார். பத்து நிமிடத்துக்கு முன் நான் நிபந்தனையை மீறியவள். இப்போது அவர் குரலில் சர்க்கரை.

"மேடம், நீங்கதான் எங்க மதிப்புக்குரிய கஸ்டமர். புது கேம் ஃப்ரீயா தர்றோம். ஒரு வருஷத்துக்கு எல்லா பஸ்ஸும் ஃப்ரீ. இதுல ஒரு கையெழுத்துப் போட்டீங்கன்னா முடிஞ்சது."

"பழைய ரூட்டெல்லாம்?"

"அதெல்லாம் பழசுதானே மேடம்."

தம்பி எனக்கும் அவருக்கும் நடுவில் உட்கார்ந்திருந்தான். அந்த ஆள் அவன் தலைக்கு மேலேயே பேசினார், கம்பத்தைச் சுற்றிப் பேசுவது போல. படித்த படிப்புக்கு ஒரு தடவை குனிந்து பார்த்திருக்கலாம்.

"யோசிச்சுச் சொல்றோம்" என்று அவரை அனுப்பிவிட்டு, "டேய், அவன் தர்றது வேண்டாம்" என்றேன். "நானே என் பேர்ல மனு போடுறேன். அத்தாட்சி ஒண்ணும் வேண்டாம், கணக்கு என்னோடது. சுலபமா முடியும். ஜெயிச்சா உனக்குத்தானே?"

"ஜெயிச்சா உனக்குக்கா."

"என்னடா பேசற?"

"கரண்ட் உன் பேர்ல. கேஸ் சிலிண்டர் உன் பேர்ல. நான் பேசுற போன் உன் பேர்ல. என் சம்பளம் போற பாஸ்புக்கும் உன் பேர்ல. நான் குறை சொல்லலக்கா. ஆனா அந்த நாற்பத்தொரு ரூட்டை ஓட்டினது நான். அதாவது என் பேர்ல இருக்கட்டும்."

"அத்தாட்சி இல்லன்னா மொத்தமும் போயிடும்டா. ரூட்டும் போயிடும்."

"போனா நான் தோத்ததா இருக்கட்டும். உன் பேர்ல ஜெயிக்க வேண்டாம்."

அவன் பையிலிருந்து அந்த விளையாட்டுப் பெட்டியை எடுத்து, மூடியைத் திருப்பிக் காட்டினான். உள்பக்கம் நீல மையில் என் எழுத்து: "தம்பிக்கு. வேறு யாரும் தொடக் கூடாது." கீழே தேதி, என் கையெழுத்து. வீட்டில் டப்பா, குடை, டார்ச் லைட் எதுவானாலும் யாருடையது என்று எழுதி வைப்பது என் பழக்கம். என் வீட்டுக்காரர் அதை வைத்து என்னைக் கேலி செய்யாத நாள் இல்லை. இதில் எழுதியது எனக்கு நினைவே இல்லை.

"நீ எனக்குக் குடுத்தது உன் கையெழுத்துல இருக்கு. அது போதும்" என்றான் தம்பி. "நான் வாங்கிக்கிட்டதுதான் இன்னும் என் கையெழுத்துல இல்ல."

புதிய மனுவை அங்கேயே பெஞ்சில் வைத்து எழுதினேன்; முதல் தடவையிலேயே, அடித்தல் இல்லாமல். மூன்று பிரதி. எழுத்தரிடம் கொண்டுபோனோம். அவர் அவன் கையைப் பார்த்தார். கேட்காமலேயே மைப்பெட்டியைத் திறந்து தள்ளினார்.

"பேனா குடுங்க" என்றான் தம்பி.

"ரேகையே போதும் தம்பி. எதுக்குச் சிரமம்?"

"சிரமம் எனக்குத்தானே? பேனா குடுங்க."

"இடது கையா? ஒவ்வொண்ணும் ஒவ்வொரு மாதிரி வரும். அப்புறம் எதிர்த்தரப்பு கேள்வி கேக்கும்."

"கேக்கட்டும். நான் பதில் சொல்லிக்கறேன். தினமும் மைக்குல பேசுறவன்தான்."

வரிசையில் எங்களுக்குப் பின்னால் அந்த வக்கீல் வேறு ஏதோ கட்டுக் காகிதத்துடன் நின்று வாட்சைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். தாள் நழுவியது. என் கை தானாக நீண்டது, தாளைப் பிடிக்க. தம்பி என்னைப் பார்த்தான். கையைப் பின்னால் கட்டிக்கொண்டேன். அவன் வலது கட்டை விரலால் தாளை அழுத்தி, இடது கையால் ஒவ்வோர் எழுத்தாகப் போட்டான். முதல் பிரதியில் பெயர் மேல் நோக்கி ஏறியது, இரண்டாவதில் கீழே சரிந்தது, மூன்றாவதில் கோட்டின் மேல் நின்றது. மூன்றும் மூன்று மாதிரி. மூன்றும் அவன் பெயர். எழுத்தர் மூன்றிலும் முத்திரை குத்தினார். நான் முத்திரையில் இருந்த தேதியைப் படித்தேன்: 2023 மார்ச் 14, செவ்வாய்க்கிழமை.