முப்பத்தைந்து நிமிடம் என்று சொன்னேன்

போன ஐப்பசியில், காஞ்சிபுரம் பிள்ளையார்பாளையத்தில், எங்கள் தெருவில் நடந்தது இது.

பாலம் கட்டும் வேலைக்காக என் மகன் அருணாசலப் பிரதேச மலைகளில் இருந்தான். அன்று காலை போன் செய்து, வேறு ஊருக்கு மாற்றிவிட்டார்கள், கிளம்புகிறேன் என்றான். இரண்டு ஊரிலும் சின்ன விமான நிலையம் உண்டு என்று எனக்குத் தெரியும். கைப்பேசியில் தேடினேன். தூரம் இருநூறு கிலோமீட்டர், பறக்கும் நேரம் முப்பத்தைந்து நிமிடம் என்று வந்தது. நான் ஓய்வுபெற்ற கணக்கு ஆசிரியர். வகுத்துப் பார்த்தேன், சரியாகவே இருந்தது. வேலைக்குக் கிளம்பிய மருமகளிடம் பெருமையாகச் சொன்னேன். அவளுக்கு அப்போது ஏழாம் மாதம்.

அடுத்த வீட்டு நெசவாளர் சிரித்தார். "நம்ம பஸ் ஸ்டாண்டுக்குப் போவவே முக்கா மணி ஆவுது சார். உங்க புள்ள அதுக்குள்ள மலையே தாண்டிடுவானா?"

மதியம்வரை மகன் அழைக்கவில்லை. நான் அழைத்தாலும் இணைப்பு கிடைக்கவில்லை. அலுவலகத்திலிருந்து மருமகள் கேட்டாள். "மாமா, அவருக்கு போனே போகலயே?"

"சிக்னல் இருக்காதும்மா" என்றேன். அந்தச் சமாதானம் எனக்கே போதவில்லை. மேகம், மலை, சின்ன விமானம் என்று மனம் எங்கெங்கோ போனது. அடுத்த வீட்டுக்காரர் வந்து விசாரித்தபோது, "பிளேனைக் காணோம்பா" என்று சொல்லிவிட்டேன். யாரும் எனக்கு அப்படிச் சொல்லவில்லை. போன் கிடைக்கவில்லை, அவ்வளவுதான் எனக்குத் தெரியும்.

அவர் நேரே போய்த் தறியை நிறுத்தினார். எங்கள் தெருவில் ஒரு வீட்டில் சாவு என்றால் அதுதான் வழக்கம். ஒவ்வொரு வீடாகத் தறிச்சத்தம் அடங்கியது. நான் தடுத்திருக்க வேண்டும். வாசலில் உட்கார்ந்து அழுதுகொண்டிருந்தேன்.

மாலையில் மருமகள் தெருமுனையில் ஆட்டோவிலிருந்து இறங்கினாள். சில அடி நடந்தவள், நின்று இருபக்கமும் பார்த்தாள். நெசவுக் குடும்பத்துப் பெண். அந்த அமைதிக்கு என்ன பொருள் என்று அவளுக்குத் தெரியும். என்னிடம் வந்து, "யார் வூட்ல மாமா?" என்றாள்.

நான் முகத்தை மூடிக்கொண்டேன். அவள் வயிற்றைப் பிடித்தபடி மண்ணில் சரிந்தாள்.

மருத்துவமனைக்குப் போகும் வழியில் மகன் அழைத்தான். பிளேன் என்னாயிற்று என்று கேட்டதற்குக் கத்தினான். "அந்த ரூட்ல பிளைட்டே இல்லபா! யாரு சொன்னது உனக்கு? காலைலேர்ந்து ஜீப்ல வந்துக்கினு இருக்கேன். இப்பதான் டவர் கிடைச்சுது."

போனை அவள் காதில் வைத்தேன். குரலைக் கேட்டு விம்மினாள். பிறகு மெதுவாகச் சொன்னாள். "மாமா, உள்ள அசைவே இல்ல."

டாக்டர் கருவியை வைத்துத் தேடியபோது நான் திரைக்கு வெளியே நின்றேன். வெறும் இரைச்சல்தான் வந்தது. மகன் பிழைத்தான், பேரப்பிள்ளையை நான் கொன்றுவிட்டேன் என்றே நினைத்தேன். பிறகுதான் அந்தச் சின்னத் துடிப்பு கேட்டது. தரையிலேயே உட்கார்ந்துவிட்டேன்.

பேரனுக்கு இப்போது பல் முளைக்கிறது. மருமகள் அந்த நாளைப் பற்றி என்னை ஒரு வார்த்தைகூடக் கேட்டதில்லை. ஆனால் அன்று தெருவில் "யார் வூட்ல" என்று அவள் கேட்ட அந்த ஒரு கேள்விக்கு, "எனக்கு ஒண்ணும் தெரியாதும்மா" என்ற உண்மையைச் சொல்ல ஏன் எனக்கு வாய் வரவில்லை என்று, குழந்தையைத் தூக்கும்போதெல்லாம் பயத்தோடு நினைத்துக்கொள்கிறேன்.