உப்புத் தொட்டிக்கு ஆப்பசோடா

என் வீட்டுக்காரர் ஆன்சைட் வேலை என்று அமெரிக்கா போனபோது மாரெட்பள்ளி வீட்டில் என் பொறுப்பில் விட்டுப்போனது, ஹாலை அடைத்துக்கொண்டு நின்ற ஓர் உப்புநீர்த் தொட்டியை. அதில் மீன் இரண்டுதான். மற்றதெல்லாம் உயிருள்ள பவளம். கல் மாதிரி சும்மா கிடக்கும் என்று நினைத்திருந்தேன். அது தண்ணீரில் இருக்கும் காரத்தை, அதாவது சோடாச் சத்தை, உறிஞ்சித்தான் உடம்பு வளர்க்குமாம்; குறையக் குறைய நாம் ஊற்றிக்கொண்டே இருக்க வேண்டும். என் மாமியார்கூட என்னிடம் இவ்வளவு கேட்டதில்லை.

ஹைடெக் சிட்டியிலிருந்து ஆபீஸ் கேபில் இடுப்பொடிய வந்து சேர்ந்ததும் அதுதான் முதல் வேலை. சின்னக் கண்ணாடிக் குழாயில் தொட்டித் தண்ணீரைப் பிடித்து, சோதனை மருந்தைச் சொட்டுச் சொட்டாக விட்டால் நீலம் மஞ்சளாகும். எத்தனை சொட்டோ அதுதான் அளவு. எட்டு இருக்க வேண்டும். பிறகு, ஓவனில் வறுத்த ஆப்பசோடாவைப் பேட்டரிக்கு ஊற்றும் தண்ணீரில் கரைத்து, அளந்து, பம்ப் ஓடும் பக்கமாக மெதுவாக விட வேண்டும். ஞாயிற்றுக்கிழமை போனில் அவர் முதலில் விசாரிப்பதும் அந்த எட்டைத்தான். ஒரு நாளாவது என்னை முதலில் விசாரிக்க மாட்டாரா என்று இருக்கும்.

ஒரு மழைக்காலத்தில் அளவு ஆறுக்கு இறங்கிவிட்டது.

"டெஸ்ட் கிட் கெட்டுப்போயிருக்கும். எட்டு காட்டுற தண்ணி ஒண்ணு நீயே செஞ்சு, அதுல டெஸ்ட் பண்ணிப் பாரு" என்றார் போனில்.

ஒரு லிட்டருக்குக் கால் கிராமுக்கும் குறைவான சோடா. வீட்டுத் தராசு அதற்கு அசையவே இல்லை. பொட்டலத்தோடு தெருமுனை நகைக்கடைக்குப் போனேன். ஊர் உருதுவோடு ஊறிப்போன தமிழர் அந்தக் கடைக்காரர்; 'எதற்கு' என்பதும் அவருக்குக் 'கைக்கு'தான். வெள்ளைப் பொடியையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார்.

"இது கைக்கும்மா?"

"மீன் தொட்டிக்குங்க."

"ஹவ்" என்று ஆமாம் போட்டார், நம்பாமல். பொன் நிறுக்கும் தட்டில் ஆப்பசோடாவைப் பார்க்க எனக்கே வெட்கமாக இருந்தது.

வீட்டுக்கு வந்து கரைத்துப் பார்த்தேன். எட்டாவது சொட்டில் மஞ்சளானது. கிட்டில் குறையில்லை; தொட்டிதான் இளைத்திருந்தது. ஒரேயடியாக ஏற்றினால் பவளம் வெளுத்துச் செத்துவிடும், தினமும் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்று என்றார் வீட்டுக்காரர். பாதியில் எனக்குக் காய்ச்சல் கண்டது. ஆபீசுக்கு லீவு சொன்னேன். தொட்டிக்கு யாரிடம் லீவு சொல்வது? சுவரைப் பிடித்துக்கொண்டு போய் ஊற்றினேன். அந்தப் பவளத்தின்மேல் அப்படி ஒரு எரிச்சல் வந்தது. ஆனாலும் செத்துவிடக் கூடாதே என்றும் இருந்தது.

ஞாயிறு போன் வந்தது.

"எட்டு வந்துருச்சா?"

"தொட்டிக்கு எட்டுங்க. எனக்கு நூத்திரண்டு காச்சல்."

ரிசீவரைக் காதோடு அழுத்திக்கொண்டு காத்திருந்தேன்.

"இன்னிக்கு டோஸ் ஊத்திட்டியா?"

"ஊத்திட்டனுங்க."

"அப்ப நீ படுத்துக்க."

போனை வைத்துவிட்டுப் படுத்தேன். அழக்கூடத் தெம்பில்லை.