குப்பைக்குப் போன பாலம்

சின்னவளுக்கு அன்று காலையிலிருந்தே கால் தரையில் பாவவில்லை. வீட்டுக்குக் கடைக்குட்டி என்பதால் வந்த பெயர் அது. கடல் தாண்டிப் போய்ப் பெரிய பள்ளிக்கூடத்தில் வேலை பார்த்தும், புருஷன் முதற்கொண்டு எல்லோருக்கும் அவள் சின்னவள்தான். முதல் வகுப்புப் பிள்ளைகள் இங்கிலீஷில் என்ன படிக்க வேண்டும், எதற்கப்புறம் எது என்று திட்டம் போடுவது அவள் வேலை.

அந்தப் பள்ளியில் காலையில் ஊர் மொழி, மதியம் இங்கிலீஷ். மதிய மணி அடித்துவிட்டால் காலை மொழியின் சுவடே இருக்கக் கூடாது என்று சட்டம். சுவரில் தொங்கும் பலகைகளைத் திருப்பி மாட்டுவார்கள். மேசையில் இருப்பதையெல்லாம் அள்ளித் துடைத்து எடுப்பார்கள். கண்ணில் பட்டால் பிள்ளைகள் அந்த மொழிக்கே ஓடிவிடுமாம்.

ஒருநாள் காலை வகுப்பில் ஓரமாகப் போய் உட்கார்ந்து பார்த்தாள். காகிதத்தை மடித்துப் பாலம் கட்டச் சொல்லியிருந்தார் காலை வாத்தியார். எது தாங்கும், எது தொய்யும் என்று அந்த ஆறு வயதுகள் வக்கீல் மாதிரி வாதாடின. அதே பிள்ளைகள் மதியம் ‘இது என்ன நிறம்’ என்ற கேள்விக்கு வாயைத் திறக்கவில்லை. பின்னே, வக்கீலைத் தூக்கித் தொட்டிலில் போட்டால் எப்படிப் பேசும்?

அன்றே உட்கார்ந்து புதுத் திட்டம் போட்டாள். காலையில் விட்ட இடத்தில் மதியம் தொடங்க வேண்டும். அதே பாலம், அதே சண்டை, இங்கிலீஷில். தலைமை ஆசிரியைக்கு நம்பிக்கை இல்லை. அந்தம்மாவும் வெளிநாடு, ஊர் மொழியில் ஒரு வார்த்தை தெரியாது. ஒரே ஒரு மதியம் தருகிறேன், நானே வந்து உட்காருகிறேன், பிள்ளைகள் பேசினால் உன் திட்டம், பேசாவிட்டால் அடுத்த வருஷமும் பழைய புத்தகம்தான் என்று சொல்லிவிட்டார்.

அந்த மதியம்தான் இன்றைக்கு. செருப்பு மாட்டும்போது புருஷன் சீண்டினான்.

“அதுங்க பேசலைன்னா என்ன, நீயே சேர்த்துப் பேசிடுவே.”

“அதுங்க பேசும். நீங்க முதல்ல கதவைப் பூட்டுங்க.”

மதியம் வகுப்புக்குள் நுழைந்தவள் முதலில் மேசைகளைத்தான் பார்த்தாள். மேசைகள் பளிச்சென்று காலி. காலையில் பிள்ளைகள் கட்டிவைத்த பாலங்களையெல்லாம் துப்புரவுக்காரர் சட்டப்படி அள்ளிக் குப்பைப் பையில் கட்டிக்கொண்டு போய்விட்டார். எல்லாவற்றையும் யோசித்தவள் அவரிடம் ஒரு வார்த்தை சொல்ல மறந்திருந்தாள். தலைமை ஆசிரியையோ குட்டி நாற்காலியில் தயாராக உட்கார்ந்திருந்தார்.

பிள்ளைகள் வந்தன. மேசையைப் பார்த்தன. அப்படியே நின்றன.

முன்பல் விழுந்த ஒரு சிறுமி சுற்றுமுற்றும் பார்த்தாள். காலை வாத்தியார் இல்லை. அறையில் அதிகாரம் உள்ள ஆள் யாரென்று அவளுக்குத் தெரியும்; அந்த ஆளுக்குத் தன் மொழி தெரியாது என்றும் தெரியும். நேரே தலைமை ஆசிரியை முன்னால் போய் இடுப்பில் கை வைத்தாள். கையில் இருந்த ஓட்டை உடைசல் இங்கிலீஷை எல்லாம் கூட்டிக் கேட்டாள்.

“எங்க பாலம் எங்கே? நீங்க போட்டது குப்பை?”

அவ்வளவுதான், மடை திறந்தது. என் பாலம் குப்பை இல்லை, மூன்று புத்தகம் தாங்கியது என்றான் ஒருவன். உன்னுடையது விழுந்தது, என்னுடையதுதான் நின்றது என்றாள் இன்னொருத்தி. வார்த்தை கிடைக்காத இடத்தைக் கை நிரப்பியது. தலைமை ஆசிரியை சட்டத்தை விளக்கப் பார்த்தார்.

“சட்டம் நல்லா இல்லை,” என்றாள் முன்பல் இல்லாதவள்.

குறுக்கே பேசத் துடித்த வாயைச் சின்னவள் கையால் பொத்திக்கொண்டாள். அவள் போட்ட பாடத்தில் இப்படி ஒரு சண்டை இல்லவே இல்லை. ஆனால் எந்தப் பாடத்தால் இதைக் கொண்டுவர முடியும்?

சரி, எப்படிக் கட்டினீர்கள், காட்டுங்கள் என்று கேட்டுவிட்டார் தலைமை ஆசிரியை. மாட்டிக்கொண்டார். காகிதம் கொண்டுவந்து, அவரைத் தரையில் உட்காரவைத்து, மடி, அப்படியில்லை, இன்னும் சின்னதாய், மறுபடியும் மடி என்று ஆளுக்கொரு பக்கம் அதட்டின பிள்ளைகள். அவர் கட்டிய பாலம் முதல் புத்தகத்துக்கே படுத்துவிட்டது. முன்பல் இல்லாதவள் அவர் முதுகில் தட்டிக்கொடுத்தாள்.

வீட்டுக்குப் போகும் மணி அடித்தது. யாரும் எழுந்திருக்கவில்லை. தலைமை ஆசிரியை சின்னவளை நிமிர்ந்து பார்த்தார்.

“உன் திட்டமே இருக்கட்டும். முதல்ல என் பாலம் ஏன் விழுந்துச்சுன்னு யாராவது சொல்லுங்க.”

நாலைந்து பேர் ஒரே சமயத்தில் இங்கிலீஷில் சொல்லத் தொடங்கினார்கள். வாசலில் பள்ளி வண்டி ஹாரன் அடித்துக்கொண்டே இருந்தது.