பௌர்ணமிக்குக் கடை லீவு

கிரிவலப் பாதையில் ஒரு டீக்கடை. அந்தமான் போய் வந்தவன் என்று நான் வாயை விட்டதும் கடைக்காரர் கைபேசியை நீட்டுகிறார். மலை சுற்ற வந்த எனக்கு இப்போது அவருக்கும் மனைவிக்கும் விமான டிக்கெட் தேடும் வேலை.

கட்டணம் கம்மியாக இருப்பது ஒரே வாரத்தில்தான். அதில் பௌர்ணமி வருகிறது.

"அன்னிக்குத்தான் சார் ஜனமே ஜாஸ்தி. கடைய மூட முடியாது. விட்டுடுங்க" என்கிறார் அவர்.

டம்ளர் கழுவும் மனைவி நிமிர்கிறார். "அந்தத் தேதியே போடுங்க சார். இத்தனை வருசமா பௌர்ணமி பௌர்ணமினு டீ ஆத்துறோம். ஒருநாளாவது நிமிந்து நிலாவைப் பாத்திருக்கோமா?"

 கடைக்காரர் என்னிடம் மெதுவாகக் கேட்கிறார்: "பௌர்ணமிக்கு அங்க கூட்டம் வருமா சார்?"