தொட்டிக்குள் இறங்கியவள்

பன்னிரண்டு ஆண்டுகளாக, உற்றுப் பார்ப்பதுதான் அவளுக்கு வேலை. தண்ணீர் பாட்டில் ஆலையில் வெள்ளை விளக்குக்கு முன் உட்கார்ந்து, வரிசையாக நகர்ந்துவரும் பாட்டில்களில் தூசியோ முடியோ தெரிந்தால் எடுத்து ஒதுக்குவாள். எல்லோரும் அவளை ‘லைட்டு அக்கா’ என்றே கூப்பிட்டார்கள். வேலை முடிந்து பேருந்தில் ஏறினால் மரங்களும் கடைகளும் மனிதர்களும்கூட மெல்ல மிதந்து போவதுபோல் இருக்கும். அந்த மிதப்பு அவளுக்குப் பிடித்திருந்தது.

வீட்டிலும் பாட்டில் தண்ணீர்தான். மகள் கைக்குழந்தையாக இருந்தபோது ஒருநாள் குழாய்த் தண்ணீரில் வாடை வந்தது. அன்றோடு குழாய், பாத்திரம் கழுவ மட்டும் என்றாகிவிட்டது. காலி பாட்டில்கள் பால்கனியில் மூட்டை மூட்டையாகச் சேர்ந்தன. பழைய சாமான் வாங்குபவர் ஒரு மூட்டையைத் தூக்கிப் பார்த்து, “காத்தை எடை போடச் சொல்றீங்களேம்மா” என்று வைத்துவிட்டுப் போனார்.

ஒரு மதியம் ஆலையில் மின்சாரம் நின்றது. பாட்டில்கள் அப்படியே உறைந்து நின்றன. பழக்கமில்லாத அந்த அமைதியில் எழுந்து, இதுவரை போகாத பின்பக்கம் போனாள். பம்ப் ஆபரேட்டர் தடித்த குழாய் ஒன்றின்மேல் உட்கார்ந்திருந்தார்.

“இந்தத் தண்ணி எங்கேருந்துண்ணே வருது?”

“உங்க தெருவுக்கு வர்ற அதே லைன்தான். நாம வடிகட்டுறோம், அவ்வளவுதான்.”

“அப்போ அந்த விலை?”

“பாட்டிலுக்கு, லாரிக்கு, விளம்பரத்துக்கு.” சுவரோரக் கால்வாயைக் காட்டினார். “ஒரு லிட்டர் வடிக்க, கிட்டத்தட்ட இன்னொரு லிட்டர் இப்படிப் போயிடும்.”

மிச்சத் தண்ணீர் அதில் மெதுவாக ஓடிக்கொண்டிருந்தது. அது போகும் திசையையே பார்த்தபடி நின்றாள்.

அன்று மாலை சமையலறைக் குழாயில் ஒரு டம்ளர் பிடித்து ஜன்னலோரம் தூக்கிப் பார்த்தாள்.

“என்ன, தண்ணி பாஸா ஃபெயிலா?” என்றார், தையல் மெஷினிலிருந்து எட்டிப் பார்த்த கணவர்.

“மண்ணு கிடக்கு. மாடித் தொட்டியை யாராச்சும் எப்பவாவது கழுவியிருக்கோமா?”

அவர் யோசித்தார். பிறகு இத்தனை வருடப் பாட்டில் செலவைச் தையல் சாக்பீஸால் துணியிலேயே கூட்டிப் பார்த்துத் தலையில் கை வைத்துக்கொண்டார். “நாலு மெஷின் வாங்கியிருக்கலாம்டி!”

ஞாயிற்றுக்கிழமை அக்கம்பக்கத்தாரும் சேர்ந்து தொட்டியைக் காலி செய்தார்கள். ஒல்லியானவள் என்று அவளை உள்ளே இறக்கினார்கள். கணுக்கால் வரை சேறு. வாளி வாளியாக அள்ளிக் கொடுத்து, தேய்த்து, கழுவி முடித்தபோது கை ஓய்ந்துவிட்டது. ஈரத் தரையிலேயே உட்கார்ந்தாள். மேலே வட்டமாகக் கொஞ்சம் வானம். சுவரெல்லாம் நீல வெளிச்சம். அவள் மூச்சே அவளைச் சுற்றி வந்து காதில் விழுந்தது.

வட்டத்தில் கணவரின் தலை தெரிந்தது. “என்ன, குடியேறிட்டியா? வாடகை கேப்பாங்க.”

“இருங்க, கொஞ்ச நேரம்.”

தண்ணீரைப் பரிசோதனைக்குக் கொடுத்து, நல்ல தண்ணீர் என்று எழுதி வாங்கிய பிறகே மகளுக்குக் கொடுத்தாள். பாட்டில் வாங்குவது அந்த மாதத்தோடு நின்றது. ஆலை வேலையை அவள் விடவில்லை. மகள் படிப்பு இருக்கிறதே. ஆனால் ஆறு மாதத்துக்கு ஒருமுறை தொட்டி கழுவும் முறை யாருடையதாக இருந்தாலும், சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு அவளேதான் இறங்குகிறாள்.